அன்லிமிடெட் ஹோஸ்டிங்: வாங்குறதுக்கு முன்னாடியும் வாங்கின பிறகும் எந்த லிமிட்டை எங்க தேடணும்

எந்த ஷேர்டு ஹோஸ்டிங் கம்பெனியோட பேஜை திறந்தாலும் அன்லிமிடெட் ஸ்பேஸ், அன்லிமிடெட் பேண்ட்வித், அன்லிமிடெட் வெப்சைட், அன்லிமிடெட் மெயில் ஐடின்னு பச்சை டிக் போட்டு வரிசையா இருக்கும், நாமளும் இதுக்கு மேல என்ன வேணும்னு பணத்தை கட்டிடுவோம். சைட் கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் திடீர்னு 508னு (ரிசோர்ஸ் லிமிட் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்) ஒரு எரர் வரும், இல்லன்னா உங்க அக்கவுண்ட் அதிகமா ரிசோர்ஸ் எடுக்குதுன்னு ஒரு மெயில் வரும், பதறிப்போய் ஸ்பேஸை பார்த்தா அது ரெண்டு ஜிபி கூட ஆகியிருக்காது. உங்க சைட்டை நிறுத்துறது ஸ்பேஸும் இல்ல பேண்ட்வித்தும் இல்ல, அந்த டிக் போட்ட லிஸ்ட்ல பேரே வராத வேற ஆறேழு விஷயம். அதை எங்க தேடுறது, வாங்குறதுக்கு முன்னாடி எப்படி கேட்கிறது, ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா எங்க பார்க்கிறதுன்னு தான் இந்த போஸ்ட்.

அன்லிமிடெட் எப்படி கட்டுப்படியாகுது

ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒரே சர்வர்ல நூத்துக்கணக்குல அக்கவுண்ட் இருக்கும். அதுல முக்கால்வாசி சைட் சும்மா தூங்கிட்டு இருக்கும், நாலு பேஜ், பத்து போட்டோ, மொத்தமே சில நூறு எம்பி. அதனால ஸ்பேஸ் அன்லிமிடெட்னு சொன்னாலும் கம்பெனிக்கு கையை கடிக்காது, எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கேட்காத வரைக்கும் கணக்கு ஓடிடும். கேட்க ஆரம்பிச்சா பெரிய கம்பெனியாலயே தாங்க முடியாது. 2015 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ்ல இருந்த அன்லிமிடெட்டை தூக்கினப்போ சொன்ன காரணமே, சில பேர் 75 டிபிக்கு மேல ஏத்தி வச்சிருக்காங்க, அது சராசரி ஆளை விட 14,000 மடங்குன்னு. 2023 ஆகஸ்ட்ல டிராப்பாக்ஸும் அவங்களோட பிசினஸ் பிளான்ல இதே வேலையை தான் பண்ணாங்க, கிரிப்டோ மைனிங் பண்றவங்களும் ஸ்பேஸை வாங்கி மறுபடி விக்கிறவங்களும் வந்து நிரப்பிட்டாங்கன்னு சொன்னாங்க.

ஸ்பேஸ்ல இப்படி சராசரியை நம்பி விளையாடலாம். சிபியுவுலயும் ரேம்லயும் அது நடக்காது, ஒரு சைட் மொத்த சிபியுவையும் இழுத்தா பக்கத்துல இருக்கிற நூறு சைட்டும் அந்த நிமிஷமே படுத்துடும். அதுக்கு தான் 2010ல கிளவுட்லினக்ஸ்னு ஒரு ஓஎஸ் வந்துச்சு, ஷேர்டு ஹோஸ்டிங்ல இப்போ ரொம்ப பரவலா இது தான் ஓடுது. இது ஒவ்வொரு அக்கவுண்டையும் எல்விஈன்னு ஒரு தனி கூண்டுக்குள்ள போட்டு, இவ்ளோ தான் உனக்குன்னு நம்பர் வச்சிடும். டீஃபால்ட்டா அது கொடுக்கிறது சிபியு 100 சதவீதம், அதாவது ஒரு கோர், ரேம் 1 ஜிபி, டிஸ்க் ஐஓ (டிஸ்க்ல படிக்கிற, எழுதுற வேகம்) வினாடிக்கு 1024 கேபி, ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை தடவை படிக்கலாம், எழுதலாம்ங்கிறது) 1024, என்ட்ரி பிராசஸ் 20, மொத்த பிராசஸ் 100. கம்பெனி இதை ஏத்தலாம் இறக்கலாம், ஆனா நம்பர்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். எங்க பிளான்ல லிமிட்டே இல்லன்னு விளம்பரம் போடுற கம்பெனியோட சர்வர்ல இது ஓடினா, அங்கயும் உங்க யூசர்நேமுக்கு நேரா இந்த ஆறு நம்பரும் உட்கார்ந்திருக்கும். அதை வெளிய எடுக்கிறது தான் உங்க வேலை.

என்ட்ரி பிராசஸ், சிபியு: முக்கால்வாசி பிரச்சனை இங்க தான்

என்ட்ரி பிராசஸ் 20ன்னா ஒரே நேரத்துல 20 பேர் தான் சைட்ல இருக்க முடியும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. ஒருத்தர் பேஜை திறக்கும்போது பிஹெச்பி (சர்வர்ல பேஜை உருவாக்குற கோடு) ஓடுற அந்த கொஞ்ச நேரம் மட்டும் ஒரு ஸ்லாட் பிடிக்கும், பேஜ் ரெடியானதும் விட்டுடும், அவர் உட்கார்ந்து பத்து நிமிஷம் படிச்சாலும் ஸ்லாட் காலி தான். போட்டோ, சிஎஸ்எஸ் மாதிரி ஸ்டாட்டிக் ஃபைலுக்கு பொதுவா ஸ்லாட்டே வேண்டாம். ஒரு பேஜ் அரை வினாடில முடிஞ்சா 20 ஸ்லாட்ல வினாடிக்கு 40 பேஜ், கேட்க நல்லா தான் இருக்கு.

ஆனா சிபியு ஒரே ஒரு கோர் தானே. கேஷ், அதாவது முன்னாடியே ரெடி பண்ணி வச்ச காப்பி, இல்லாத ஒரு வேர்ட்பிரஸ் பேஜ் அரை வினாடி சிபியு தின்னுதுன்னு வைங்க, பத்து பதினஞ்சு பிளகின் இருந்தா அது ஒண்ணும் அதிசயம் இல்ல, அப்போ அந்த கோரால வினாடிக்கு ரெண்டு பேஜ் தான் முடிக்க முடியும். வினாடிக்கு மூணு பேர் வந்தா என்ன ஆகும்? ரெண்டு முடியும், ஒண்ணு தேங்கும். அடுத்த வினாடி இன்னொண்ணு தேங்கும். இப்படியே ஒரு 20 வினாடி போனா 20 ஸ்லாட்டும் நிரம்பிடும், அடுத்து வர்றவருக்கு 508. வினாடிக்கு மூணு பேர்ங்கிறது பெரிய கூட்டம் எல்லாம் இல்ல, நல்லா போற ஒரு குரூப்ல யாராவது உங்க லிங்க்கை ஷேர் பண்ணாலே ஒரு நிமிஷத்துக்கு அந்த அளவு வந்துடும்.

இதுல கவனிக்க வேண்டியது, எரர் என்ட்ரி பிராசஸ் பேர்ல வந்தாலும் அடைப்பு இருக்கிற இடம் சிபியு. சப்போர்ட்ல கேட்டா என்ட்ரி பிராசஸ் தீர்ந்துடுச்சு, பெரிய பிளானுக்கு போங்கன்னு ரெடிமேடா ஒரு பதில் வரும், பெரிய பிளான்ல ஸ்லாட் 40 ஆகியிருக்கும், கோர் அதே ஒண்ணா இருந்தா 20 வினாடில வர்ற எரர் 40 வினாடில வரும், அவ்ளோ தான் வித்தியாசம். அதனால அப்கிரேட் பண்ண சொன்னா எந்தெந்த நம்பர் மாறுதுன்னு கேட்காம காசை கட்டாதீங்க.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். உங்க பேஜ் வெளிய ஏதோ ஒரு ஏபிஐயை (வேற சர்வர்கிட்ட தகவல் கேட்கிற வழி) கூப்பிட்டு அது பதில் தர அஞ்சு வினாடி எடுத்தா, சிபியு சும்மா தான் இருக்கும், ஆனா ஸ்லாட் அஞ்சு வினாடி மாட்டிக்கும். 20 ஸ்லாட்ல வினாடிக்கு 4 பேஜ் தான் போகும். சிபியு கிராஃப் தரையோட தரையா கிடந்தும் 508 வருதுன்னா முதல்ல இந்த மாதிரி பிளகினை தான் தேடணும், ஷிப்பிங் ரேட் பார்க்கிறது, லைசென்ஸ் செக் பண்றது, சோஷியல் மீடியா ஃபீடு இழுத்துட்டு வர்றதுன்னு.

ரேம் விஷயத்துல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. பிஹெச்பியோட மெமரி லிமிட்டை 512 எம்பின்னு ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பேனல்லயே நீங்க ஏத்திக்கலாம், தாராளமா விடுவாங்க, ஆனா மொத்த அக்கவுண்டுக்கும் 1 ஜிபி தான்னு இருந்தா அவ்ளோ மெமரி தின்னுற ரெண்டு பிராசஸ் ஒரே நேரத்துல ஓடினாலே கதை முடிஞ்சது, 500 இல்லன்னா 503 எரர் வரும். பேனல்ல ஏத்த முடியுதுங்கிறதுக்காக அது உங்களுக்கு கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

டிஸ்க் ஐஓவை யாரும் பார்க்கிறதே இல்ல, பேக்கப் எடுக்கும்போது தான் தெரியும். வினாடிக்கு 1 எம்பின்னா 5 ஜிபி சைட்டை ஒரு தடவை படிக்கவே ஏறக்குறைய 85 நிமிஷம், அதை ஜிப் ஆக்கி அதே டிஸ்க்ல எழுதணும்னா இன்னும் மேல, அதுக்குள்ள பிஹெச்பியோட டைம் அவுட் வந்து பேக்கப் பாதில செத்துடும். அன்லிமிடெட் ஸ்பேஸ் இருக்குன்னு 50 ஜிபி ஏத்தி வச்சவரால அதை முழுசா வெளிய எடுக்க முடியாம மாட்டிக்கிறது இப்படி தான்.

ஐநோட்: ஸ்பேஸ் காலியா இருக்கும், ஃபைல் ஏறாது

அன்லிமிடெட் ஸ்பேஸுக்கு பின்னாடி இருக்கிற நிஜ லிமிட் இது. ஐநோட்னா சுருக்கமா ஃபைல் எண்ணிக்கை, ஒரு ஃபைல் ஒரு ஐநோட், ஒரு ஃபோல்டரும் ஒரு ஐநோட், 1 கேபியா இருந்தாலும் 1 ஜிபியா இருந்தாலும் கணக்கு ஒண்ணு தான். ரெண்டு லட்சம், ரெண்டரை லட்சம்னு லிமிட் வைக்கிறது சகஜம், சின்ன பிளான்ல இன்னும் கம்மியாவும் இருக்கும். கேட்க பெருசா தெரியுது இல்லையா, எப்படி நிரம்புதுன்னு பாருங்க.

வேர்ட்பிரஸ்ல பெரிய போட்டோ ஒண்ணு ஏத்துறீங்க. ஒரிஜினல் ஒண்ணு, 2560 பிக்சலுக்கு மேல இருந்தா சுருக்கின காப்பி ஒண்ணு, அப்புறம் 150, 300, 768, 1024, 1536, 2048னு ஆறு சைஸ், ஆக ஒரு போட்டோவுக்கு 8 ஃபைல். தீம் தன் பங்குக்கு நாலு சைஸ் சேர்க்கும், வூகாமர்ஸ் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், வெப்பி ஃபார்மேட்டுக்கு மாத்துற பிளகின் இருந்தா மொத்தமும் டபுள். 2,000 போட்டோ இருக்கிற ஒரு கடை சைட் ஒண்ணும் பண்ணாமலே 30,000, 40,000 தாண்டிடும். இதே அக்கவுண்ட்ல அன்லிமிடெட் வெப்சைட்னு சொன்னாங்களேன்னு இன்னும் அஞ்சு சைட் போட்டு, ஒவ்வொண்ணுலயும் வேர்ட்பிரஸ், தீம், பிளகின்னு பல ஆயிரம் ஃபைல் இருந்தா, எல்லாம் ஒரே கணக்குல தான் ஏறும். சிபியு, ரேம் எல்லாமும் அப்படியே தான், பத்து சைட் போட்டா பத்தும் ஒரே கூண்டுக்குள்ள தான் அடிச்சுக்கும்.

அதை விட பெரிய ஆள் மெயில். சர்வர்ல மெயில் வழக்கமா ஒவ்வொண்ணும் தனி ஃபைலா தான் இருக்கும், அதனால பத்து வருஷமா டெலிட் பண்ணாத இன்பாக்ஸ், யாரும் திறக்காத ஸ்பேம் ஃபோல்டர், எந்த பேர்ல மெயில் வந்தாலும் வாங்கி வைக்கிற கேட்ச் ஆல் ஐடி எல்லாம் சேர்ந்து சத்தமில்லாம லட்சத்தை தொடும். கேஷ் பிளகின் ஃபோல்டர், பிஹெச்பி செஷன் ஃபைல், எப்பவோ டெஸ்ட்டுக்கு போட்ட பழைய காப்பி, யாரோ டெவலப்பர் அப்படியே விட்டுட்டு போன நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர், இதெல்லாம் மீதி.

நிரம்பினா ஃபைல் ஏறாது, மெயில் வராது, பிளகின் அப்டேட் பாதில நிக்கும், டிஸ்க் கோட்டா முடிஞ்சதுன்னு எரர் வரும், ஸ்பேஸ் மீட்டர்ல பார்த்தா எக்கச்சக்கமா காலியா இருக்கும், தலையை பிச்சுக்கணும். அதுக்கு முன்னாடியே இன்னொரு கோடு இருக்கு, அது ஐநோட் லிமிட்டை விட கீழ இருக்கும், அதாவது லட்சம் ஃபைலுக்கு மேல போனா இல்லன்னா இத்தனை ஜிபிக்கு மேல போனா சில கம்பெனி உங்க அக்கவுண்டை தினசரி பேக்கப்ல சேர்க்கிறதை நிறுத்திடும். இதுக்கு மெயில் எல்லாம் அனுப்ப மாட்டாங்க, டெர்ம்ஸ்ல ஒரு வரியா மட்டும் இருக்கும். எல்லா லிமிட்லயும் எனக்கு ரொம்ப கோபம் வர்றது இது மேல தான், மத்ததெல்லாம் சைட்டை நிறுத்தும், இது நீங்க பத்திரமா இருக்கீங்கன்னு நினைக்க வச்சிடும்.

எண்ணிப் பார்க்கிறது சுலபம். சிபேனல்னு பரவலா இருக்கிற கன்ட்ரோல் பேனலோட வலது பக்கம் இருக்கிற புள்ளிவிவரத்துல ஃபைல் யூசேஜ்னு ஒரு வரி இருக்கலாம், கம்பெனி மறைச்சிருந்தா டெர்மினல் திறந்து டியூ கமாண்டை ஐநோட்ஸ் ஆப்ஷனோட (du --inodes) ஓட்டுங்க, எந்த ஃபோல்டர்ல எத்தனைன்னு தனித்தனியா வந்துடும். முதல்ல மெயில் ஃபோல்டரை பாருங்க, அடுத்து கேஷ், அடுத்து அப்லோட்ஸ்.

மெயிலும் டேட்டாபேஸும்

மெயில் ஐடி எத்தனை வேணும்னாலும் உருவாக்கலாம், உண்மை தான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில் தான் அனுப்ப முடியும்னு ஒரு லிமிட் இருக்கும், பெரும்பாலும் டொமைனுக்கு சில நூறு. சிபேனல்ல அது தாண்டினா கொஞ்சம் வரைக்கும் க்யூல நிறுத்தி வைக்கும், அதுக்கும் மேல போனா தூக்கி போட்டுடும், அப்புறம் அனுப்பலாம்னு எடுத்து வைக்கிறது எல்லாம் கிடையாது. கான்டாக்ட் ஃபார்ம்ல கேப்சா இல்லாம ஒரு பாட் (தானா ஓடுற ப்ரோகிராம்) புகுந்து சில நூறு தடவை சப்மிட் பண்ணா அந்த மணி நேரத்துக்கான கோட்டா காலி, அப்போ நிஜமா ஆர்டர் போட்டவருக்கு கன்ஃபர்மேஷன் போகாது, பாஸ்வேர்டு ரீசெட் மெயிலும் போகாது. நியூஸ்லெட்டர் எல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங்ல இருந்து அனுப்பவே அனுப்பாதீங்க, அதுக்குன்னே இருக்கிற எஸ்எம்டிபி சர்வீஸ்ல இணைச்சுடுங்க.

டேட்டாபேஸ் எத்தனை வேணும்னாலும் உருவாக்கிக்கோங்கம்பாங்க, ஒரு யூசருக்கு ஒரே நேரத்துல எத்தனை கனெக்ஷன்ங்கிறதுல பிடிச்சுடுவாங்க. தாண்டினா மைஎஸ்க்யூஎல் 1226னு எரர் கொடுக்கும், வேர்ட்பிரஸ்ல அது டேட்டாபேஸோட கனெக்ட் ஆக முடியலன்னு ஒரே ஒரு வரியா வர்றதால பாஸ்வேர்டு தப்புன்னு நினைச்சு கான்ஃபிக் ஃபைலை நோண்டிட்டு இருப்போம். எரர் கொஞ்ச நேரத்துல தானா சரியாகி மறுபடி வந்தா அது பாஸ்வேர்டு இல்ல, இந்த லிமிட் தான். டேட்டாபேஸ் ஒண்ணு இத்தனை ஜிபிக்கு மேல போகக்கூடாதுன்னும் சில இடத்துல இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி

பிளான் பேஜை மூடிடுங்க. ஃபுட்டர்ல கீழ பொடி எழுத்துல டெர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ், அக்செப்டபிள் யூஸ் பாலிசின்னு ரெண்டு லிங்க் இருக்கும், சில கம்பெனில ஃபேர் யூசேஜ்னு மூணாவதா ஒண்ணு. முழுசா படிக்க வேண்டாம், யாரும் படிக்கிறதும் இல்ல. கன்ட்ரோல் எஃப் போட்டு ஐநோட், சிபியு, கன்கரண்ட், எக்ஸஸிவ், பேக்கப், ஆர்க்கைவ், கிரான், சஸ்பெண்ட், சோல் டிஸ்கிரீஷன் (எங்க இஷ்டப்படின்னு அர்த்தம்), இந்த வார்த்தைகளை ஒவ்வொண்ணா இங்கிலீஷ்ல தேடுங்க. இதுல நம்பர் கிடைச்சா நல்ல விஷயம், அந்த நம்பர் சின்னதா இருந்தாலும் கூட. இத்தனை சதவீதம் சிபியுவை இத்தனை வினாடிக்கு மேல எடுக்கக்கூடாது, கிரான் (நேரம் குறிச்சு தானா ஓடுற வேலை) 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு தெளிவா எழுதுறவங்க எவ்வளவோ பரவாயில்ல. பயப்பட வேண்டியது நம்பரே இல்லாம, சாதாரண சிறு தொழில் சைட்டுக்கு தேவையான அளவு, அதை நாங்களே எங்க விருப்பப்படி முடிவு பண்ணுவோம்னு எழுதியிருக்கிறவங்களை தான், ஏன்னா அங்க நீங்க எதை தாண்டினீங்கன்னு கடைசி வரைக்கும் யாரும் காட்ட வேண்டியது இல்ல.

ஆர்க்கைவ்னு தேடும்போது இன்னொண்ணு கிடைக்கும், ஸ்பேஸை வெப்சைட் ஃபைலுக்கு மட்டும் தான் பயன்படுத்தணும், வீடியோ சேமிப்பு, பேக்கப், ஃபைல் ஷேரிங் கூடாதுன்னு. அப்போ அன்லிமிடெட் ஸ்பேஸை எதை வச்சு தான் நிரப்புறது, ஹெச்டிஎம்எல் எழுதியா?

அடுத்து சேல்ஸ் சாட். இங்க கேட்கிற விதம் தான் எல்லாம். லிமிட் ஏதாவது இருக்கான்னு கேட்டா இல்ல சார் எல்லாமே அன்லிமிடெட்னு உடனே வந்துடும், அவங்க திரைல அந்த பதில் ரெடியா இருக்கும். இருக்கான்னு கேட்காதீங்க, எவ்ளோன்னு கேளுங்க. நான் வழக்கமா அனுப்புறது இது தான்:

"இந்த பிளான்ல கிளவுட்லினக்ஸ் எல்விஈ வேல்யூ எவ்ளோன்னு சொல்லுங்க: சிபியு, பிசிக்கல் மெமரி, என்ட்ரி பிராசஸ், ஐஓ, ஐஓபிஎஸ், என்பிராக் (மொத்த பிராசஸ்). ஐநோட் லிமிட் எவ்ளோ? எத்தனை ஐநோடுக்கு மேல உங்க பேக்கப்ல சேர்க்க மாட்டீங்க? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மெயில்? மேக்ஸ் யூசர் கனெக்ஷன்ஸ் எவ்ளோ? லிமிட் தாண்டினா ஸ்லோ ஆகுமா, எரர் வருமா, சஸ்பெண்ட் ஆகுமா?"

ரெண்டு நிமிஷத்துல நம்பர் வந்தா அந்த டீம்ல விஷயம் தெரிஞ்ச ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டு மெயில் பண்றோம்னு சொல்லி நிஜமாவே பண்ணா அதுவும் ஓகே. சாதாரண சைட்டுக்கு போதும் சார், கவலைப்படாதீங்கன்னு மூணு தடவை சுத்தி சுத்தி வந்தா வெளிய வந்துடுங்க. சாட்டை மெயிலுக்கு அனுப்பி வைக்கிற பட்டன் இருக்கும், அதை அமுக்கி சேமிச்சுக்கோங்க, பிறகு ரீஃபண்ட் கேட்கும்போது அது தான் உங்க கைல இருக்கிற ஒரே ஆதாரம்.

கடைசி கேள்வியை லேசா எடுத்துக்காதீங்க. சிபியு லிமிட்டை தொட்டா சைட் மெதுவாகிறது ஒரு மாதிரி, ராத்திரியோட ராத்திரியா அக்கவுண்டையே பூட்டுறது வேற மாதிரி. பூட்டினா சில இடத்துல எஃப்டிபியும் சேர்ந்து போயிடும், உங்க ஃபைலை நீங்களே எடுக்க முடியாது.

விலையையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. முதல் தடவை கட்டுற ரேட்டும் ரினியூவல் ரேட்டும் வேற வேற, ஃப்ரீ டொமைன்கிறது பெரும்பாலும் முதல் வருஷம் மட்டும், ரீஃபண்ட் கேட்டா அந்த டொமைன் காசை கழிச்சுட்டு தான் தருவாங்க. டொமைனை எப்பவும் வேற இடத்துல தனியா வாங்குங்க, ஹோஸ்டிங்காரரோட தகராறு வந்தா டொமைன் உங்க கைல இருக்கும்.

வாங்கின பிறகு, ரீஃபண்ட் டைம் முடியுறதுக்குள்ள

அக்கவுண்ட் வந்ததும் சைட்டை ஏத்துறதுக்கு முன்னாடி சிபேனல்ல ரிசோர்ஸ் யூசேஜ்னு ஒரு ஐகான் இருக்கான்னு பாருங்க. உள்ள டீடெய்ல்ஸ்ல போனா சிபியு, மெமரி, என்ட்ரி பிராசஸ், ஐஓ எல்லாத்துக்கும் கிராஃபும் லிமிட் கோடும் தெரியும், சாட்ல சொன்ன நம்பரும் இங்க இருக்கிறதும் ஒண்ணான்னு ஒப்பிட்டுக்கோங்க. அந்த ஐகானே இல்லன்னா டிக்கெட் போட்டு கேளுங்க. வேற பேனலா இருந்தா யூசேஜ், ஸ்டாட்ஸ்னு ஏதாவது பேர்ல இருக்கும்.

அப்புறம் நிஜ சைட்டோட ஒரு காப்பியை போட்டு கேஷை ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு டேப்ல பேஜை திறந்து அட்மின்லயும் வேலை பாருங்க, கிராஃப் எங்க போய் முட்டுதுன்னு தெரிஞ்சிடும். ஒரு தடவை முழு பேக்கப் எடுத்து டவுன்லோடும் பண்ணிப் பாருங்க. லோடு டெஸ்ட் டூல் எல்லாம் எடுத்து அடிக்காதீங்க, அதுக்கே அக்கவுண்டை பூட்டிடுவாங்க.

ஏற்கனவே மாட்டிக்கிட்டிருந்தா

எச்சரிக்கை மெயில் வந்ததும் உடனே அப்கிரேட் பட்டனுக்கு போகாதீங்க. அதே ரிசோர்ஸ் யூசேஜ்ல டேபிள்ல ஃபால்ட்ஸ்னு ஒரு வரிசை இருக்கும், எந்த லிமிட்டை எத்தனை தடவை இடிச்சீங்கன்னு அது சொல்லும். பக்கத்துலயே ஸ்னாப்ஷாட்னு இருக்கும், இடிச்ச அந்த நேரத்துல எந்தெந்த பிராசஸ், எந்தெந்த யூஆர்எல், எந்த டேட்டாபேஸ் குவெரி ஓடிட்டு இருந்துச்சுன்னு அப்படியே படம் பிடிச்சு வச்சிருக்கும், கம்பெனி அதை ஆன் பண்ணி வச்சிருந்தா. இது ஒரு புதையல், ஆனா யாரும் திறந்து பார்க்கிறதே இல்ல. அங்க எக்ஸ்எம்எல்ஆர்பிசியும் (வேர்ட்பிரஸை வெளிய இருந்து இயக்குற ஒரு ஃபைல்) வேர்ட்பிரஸ் லாகின் பேஜும் வரிசையா நின்னா உங்க விசிட்டர் இல்ல, பாஸ்வேர்டை ஊகிச்சு அடிக்கிற பாட், ரெண்டுக்கும் பாட் வராம பிளாக் பண்ணுங்க, பாதி சுமை அங்கயே இறங்கிடும். ஃபில்டர், சார்ட் எல்லாம் ஒட்டின நீள நீளமான யூஆர்எல்லா நின்னா தேடல் பாட்டோ ஏஐ கிராலரோ கடையோட ஒவ்வொரு காம்பினேஷனையும் திறந்துட்டு இருக்கு, பாட் எங்க போகக்கூடாதுன்னு சொல்ற ராபாட்ஸ் ஃபைல்ல அந்த பாதையை மூடுங்க, அதை மதிக்காத பாட்டை ஃபயர்வால்ல தான் நிறுத்த முடியும்.

அட்மின் ஏஜாக்ஸ் (அட்மின் பக்கம் பின்னாடி சர்வரை கூப்பிடுற ஃபைல்) நிறைய நின்னா ஆபிஸ்ல யாரோ எடிட்டரை திறந்து வச்சுட்டு சாப்பிட போயிருக்காங்க, வேர்ட்பிரஸ்ல ஹார்ட்பீட்னு ஒண்ணு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சர்வரை தட்டிட்டே இருக்கும், ஒவ்வொரு தட்டும் ஒரு என்ட்ரி பிராசஸ். அதோட இடைவெளியை கூட்டி வைக்கலாம். வேர்ட்பிரஸ் கிரான் நின்னா, அது யாராவது பேஜை திறக்கும்போதெல்லாம் ஏதாவது வேலை இருக்கான்னு பார்த்து ஓடுற டிசைன், கான்ஃபிக் ஃபைல்ல டிசேபிள் பண்ணிட்டு பேனல்ல நிஜ கிரான் ஒண்ணு 15 நிமிஷத்துக்கோ அரை மணிக்கோ போட்டுடுங்க. பேக்கப் பிளகினும் செக்யூரிட்டி ஸ்கேனும் ஒரே ராத்திரி நேரத்துல செட் ஆகியிருக்கான்னும் பாருங்க, ரெண்டும் சேர்ந்தா எந்த ஷேர்டு பிளானும் தாங்காது.

எல்லாத்தையும் விட பலன் தர்றது முழு பேஜ் கேஷ் தான். மேல போட்ட கணக்குல அரை வினாடி சிபியு எடுத்த பேஜ், கேஷ்ல ரெடியா இருந்தா பிஹெச்பியை தொடாமலே போயிடும், அப்போ சிபியுவும் ஸ்லாட்டும் கணக்குலயே வராது. ஆனா கார்ட், செக்கவுட், லாகின் பண்ண பேஜுக்கெல்லாம் இது உதவாது, அதனால தான் பிளாகை விட கடை சைட்டும் மெம்பர்ஷிப் சைட்டும் சீக்கிரம் லிமிட்டை இடிக்குது. அந்த மாதிரி சைட் வச்சிருக்கிறவங்க அன்லிமிடெட் பிளான் பக்கமே போகாம இருக்கிறது நல்லதுன்னு தான் நான் சொல்வேன், 10 ஜிபி தான் தருவேன், ஆனா ரெண்டு கோர் உனக்குன்னு எழுதிக் கொடுக்கிற பிளான் எவ்வளவோ மேல். வெறும் நாலு பேஜ் கம்பெனி சைட், அப்பப்போ எழுதுற பிளாக்னா அன்லிமிடெட் பிளான்ல வாழ்நாள் முழுக்க ஒரு லிமிட்டையும் தொடாம ஓட்டலாம், அதுல எந்த ஏமாத்தும் இல்ல.

விபிஎஸ் (ஒரு சர்வர்ல உங்களுக்குன்னு பிரிச்சு தர்ற தனி பங்கு) போயிடலாமான்னு அடுத்து தோணும். அங்க கோர், ரேம் எல்லாம் நம்பரா எழுதியிருக்கும், நல்லது, ஆனா அன்மேனேஜ்டு (கம்பெனி பராமரிக்காத பிளான்) எடுத்தீங்கன்னா அப்டேட், ஃபயர்வால், மெயில் சர்வர், பேக்கப் எல்லாம் உங்க தலைல தான், பேர்லயே விபிஎஸ்னு இருந்தாலும் சிபியுவை பல பேருக்கு பிரிச்சு கொடுக்கிற பிளானும் உண்டு, அதனால கோர் டெடிகேட்டடா ஷேர்டான்னு அங்கயும் கேட்கணும்.

மாறுறதுன்னு முடிவு பண்ணிட்டா சண்டை போடுறதுக்கு முன்னாடி ஃபைல், டேட்டாபேஸ், மெயில் மூணையும் தனித்தனியா வெளிய எடுத்துடுங்க, ஐஓ லிமிட்டால ஜிப் பாதில நின்னா ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு எடுங்க. டிஎன்எஸ்ல டிடிஎல்லை (டொமைனோட பழைய முகவரியை மத்த கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சிருக்கிற நேரம்) ஒரு நாள் முன்னாடியே குறைச்சு வச்சுட்டு மாத்துங்க. பழைய அக்கவுண்டை அன்னைக்கே கேன்சல் பண்ணிடாதீங்க, மாறின பிறகும் ரெண்டு மூணு நாளைக்கு சில மெயில் பழைய சர்வருக்கே வந்து விழும், அதை எல்லாம் எடுத்த பிறகு பூட்டுங்க, ஆனா ஆட்டோ ரினியூவலை மட்டும் இன்னைக்கே ஆஃப் பண்ணிடுங்க.